அவனுக்குத் தெரிந்த நம்பர்

வெயில் தாழ்ந்ததும் நாங்கள் நாலு பேரும் கோட்டை ரோட்டில் நடக்கப் போவோம். நான், என் வீட்டுக்காரர், மகள், எங்களோடு இருக்கும் என் அம்மா. பார்ப்பவர்களுக்குக் குடும்பமாக நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டு முன்னால் போவார். மகள் காதில் எதையோ செருகிக்கொண்டு பின்னால் வருவாள். எவ்வளவு நடந்திருக்கிறேன் என்று என் போன் பாராட்டுவதை நம்பிக்கொண்டு நான் நடுவில். வெறுங்கையோடு ராஜகிரி மலையைப் பார்த்து நடப்பவள் அம்மா ஒருத்திதான்.

நேற்று தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கட் செய்தேன். அம்மா நின்றுவிட்டாள்.

"யாருடி?"

"ஏதோ புது நம்பரும்மா."

"புது நம்பர்னாதான்டி எடுக்கணும்."

"அதெல்லாம் ஃப்ராடு காலு ஆயா," என்று மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்படி நின்றது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல, நான் கூட்ரோட்டு எஸ்டிடி பூத்துக்குத் திரும்பிப் போகவேண்டும்.

அப்போதும் நாங்கள் நடந்தோம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். என் அண்ணன் பம்பாயில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான். எங்கள் வீட்டில் போன் இல்லை. கூட்ரோட்டில் மேரியக்கா வைத்திருந்த பூத்துக்குத்தான் வாராவாரம் கூப்பிடுவான். நைனா சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். அம்மா தலைக்குப் பூ வைப்பாள். எனக்குப் பவுடர் பூசி விடுவாள். போனில் முகம் தெரியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் போனோம்.

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வாசனை இருக்கும். பலபேர் வாய்ச்சூடு பட்ட ரிசீவர், வாடின மல்லி, மேரியக்கா காலையில் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன சென்ட், எல்லாம் கலந்தது. வழியெல்லாம் அண்ணனிடம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். ரிசீவரைக் கையில் கொடுத்ததும் எல்லாம் மறந்துவிடும். "அண்ணா, சாப்டியா?" என்று கத்துவேன். பம்பாய் தூரம் என்பதால் கத்தவேண்டும் என்பது என் கணக்கு. "மெதுவா பேசும்மா, பஸ் ஸ்டாண்டுக்கே கேக்குது," என்பார் மேரியக்கா.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் கூட்ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். கண்டக்டர்கள் கூவுவது கூண்டுக்குள்ளும் கேட்கும். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு, "போனை வெளிய நீட்டு பாப்பா, கொஞ்ச நேரம் கேக்கறேன்," என்பான். நான் ஒயர் எட்டுகிற வரைக்கும் ரிசீவரைக் கதவுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பேன். அங்கே ஒருத்தன் மலையனூர் பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்பான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. லைன் பிஸியாக இருக்கும் என்றார் மேரியக்கா. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரமும் காத்திருந்து திரும்பினோம். நைனா மறுநாளே பம்பாய்க்குக் கிளம்பினார். பட்டறைக்காரர், அவன் வேறு நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றாராம். எங்கே என்று கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. நைனா போலீசில் போட்டோ கொடுத்துவிட்டு, சின்ன ஆளாகிப்போனதுபோல வந்து இறங்கினார். அம்மா எதுவும் கேட்பதற்கு முன்னால், "போன் பண்ணுவான்," என்றார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை நடை நிற்கவில்லை. பூவும் பவுடரும்தான் நின்றன.

பிறகு ஊரில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செல்போன் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மேரியக்கா பூத்துக்குள் யாரும் நுழையவில்லை. ஒருநாள் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, லைனை சரண்டர் பண்ணிடலாம்னு இருக்கேன்."

"அவனுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான் மேரி," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

மேரியக்கா அதற்கப்புறமும் வெகுநாள் அந்த லைனை வைத்திருந்தார், ஆளில்லாத கடையில். கடைசியில் நைனா அலைந்து திரிந்து அதே நம்பரை எங்கள் வீட்டுக்கு மாற்றி வாங்கினார். கறுப்பு போன் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வாசலைத் தாண்டவில்லை. கல்யாணம், சாவு எதற்கும் போகவில்லை. அவ்வப்போது ரிசீவரை எடுத்து, ங்ங்ங் என்று வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வைப்பாள். உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு.

நைனா தவறிப்போனபிறகு ரோட்டை அகலமாக்கத் தோண்டினார்கள். கேபிள் அறுந்தது. நான் புகார் மேல் புகார் கொடுத்தேன். வந்து பார்த்த லைன்மேன் நல்ல மனிதர். "இந்தப் பக்கம் உங்க ஒரு வீட்லதாம்மா லைன் இருக்குது. இதுக்குன்னு கேபிள் இழுக்க மாட்டாங்க," என்றார். அந்த நம்பரை என் செல்போனில் போட்டுத்தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா கேட்டாள்: "அந்த நம்பருக்கு இப்ப போட்டா இன்னா சொல்லும்?"

என் போனில் போட்டு அவள் காதில் வைத்தேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, அப்புறம் இங்கிலீஷில். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"ஏன்டி, அவன் போட்டாலும் இதான் கேக்குமா?"

"ஆமாம்மா."

"தமிழ்லயும் சொல்லுதே," என்றாள். "கேட்டா ஊரு ஞாபகம் வரும்."

அதிலிருந்து மாதத்துக்கு ஒருதரமாவது, "போட்டுக் குடு," என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தருவாள்.

போன வாரம் நானாகவே அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பெண்குரல் இல்லை. மணியும் இல்லை. ஒரு சத்தமும் வராமல், தானாகவே கட் ஆகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.