பிள்ளைக்காம்பராவுக்குக் கடிகாரம் பிடித்த கதை

மற்றவர்கள் வேலை செய்வதை நின்று பார்ப்பதற்கே சம்பளம் தருகிற தொழில் ஒன்று இருக்கிறது. அதை நான் நாலு வருஷம் செய்தேன். அதற்கு வேலை ஆய்வு என்று பெயர். மேலிடத்துக்கு அறிக்கை எழுதியே முதுகு வளைந்த என் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சில வருஷங்களுக்குப் பிறகு நடந்தது இது. பதுளை பஜாரில் வாப்பாவின் புடவைக் கடையில் துணி அளந்துகொண்டிருந்த நான், கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு, நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றுக்கு நிமிஷம் அளக்க வந்து சேர்ந்தேன். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு கிளிப் அட்டை.

தோட்டத்து நிர்வாகியான துரை முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா மேல் டிவிஷனில் ஒன்று, கீழ் டிவிஷனில் ஒன்று. மேலே இருப்பதை மூடிவிட்டால் ஓர் ஆயாவின் சம்பளம் மிச்சம். அதற்கு ஒரு மாதத்துக்குள் நான் கணக்குக் காட்ட வேண்டும். காட்டினால் என் வேலை நிரந்தரமாகும். மேல் டிவிஷன் ஆயா செல்லம்மா புருஷன் இல்லாதவர், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். அவருக்கு வேலை போகும். துரை சொன்னதில் நிரந்தரம் என்ற சொல்தான் என் காதில் நன்றாக விழுந்தது.

பொலி

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பியதும் நானும் கூடவே போனேன். பெண்கள் நிரை பிடித்து நின்று, முதல் கொழுந்தைக் கிள்ளும்போது விளைச்சல் பெருகட்டும் என்று எல்லாரும் சேர்ந்து "பொலி, பொலி" என்று குரல் கொடுத்தார்கள். அதற்கும் பொத்தானை அமுக்கி, 'உற்பத்தி சாராத செயல்' என்ற கட்டத்தில் பதிந்தேன்.

கங்காணி முத்தையா அட்டையை எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். இந்தச் சத்தத்தை விட்டால் வருஷத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நிப்பாட்டிருவோங்கய்யா. நாளைக்குக் கொழுந்து கொறைஞ்சா தொரைகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க."

சும்மா இருந்த கால்

அடுத்த நாள் பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்தேன். அதற்குள் எனக்குக் 'கடியார ஐயா' என்று பெயர் விழுந்திருந்தது. உள்ளே ஒன்பது குழந்தைகள். என் தாளில் இரண்டே கட்டங்கள்: வேலை, சும்மா. பால் கரைப்பது வேலை. குளிப்பாட்டுவது வேலை. பதினொரு மணிக்கு ஒன்பதும் தூங்கிவிட்டன. செல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். கால் வேலை செய்கிறது, மற்ற உடம்பு சும்மா இருக்கிறது. கொழும்பில் இதற்குக் கட்டம் சொல்லித் தரவில்லை.

கடைசியில் 'சும்மா' என்றே எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமில்லாமல் அவரிடமே, இந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேலை இல்லைதானே என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "மெதுவாப் பேசுங்கய்யா. ஒம்பதும் தூங்குதுன்னா நான் வேல செஞ்சிருக்கேன்னு அர்த்தம்."

கங்காணி பிடித்த கயிறு

ஒரு வாரம் மூடிப் பார்க்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். திங்கட்கிழமை மேல் பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டு விழுந்தது. கீழ் டிவிஷனுக்கு நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவதென்றால் பாதிக் காலை போய்விடும். தாய்மார் அங்கே குழந்தைகளை அனுப்பவே இல்லை. தேயிலைக்கு நடுவே நிழல் மரங்களில் பழைய சேலையைக் கட்டி, ஒன்பது தொட்டில் தொங்கவிட்டார்கள்.

புதன்கிழமை துரையின் ஜீப் வந்தது. கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய கங்காணியைக் காணவில்லை. தேடிப் போனால், மனிதர் மூன்று தொட்டிலை ஒரே கயிற்றில் கோத்து நடுவில் நின்று இழுத்துக்கொண்டிருக்கிறார். இது என்ன வேலை என்று துரை கேட்டார். முத்தையா மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். கயிற்றை மட்டும் விடவில்லை. "புள்ள அழுதா கை நிக்குதுங்க தொரை. நான் ஆட்டுறேன், அவளுக கிள்ளுறாளுக."

என் வெற்றி

அந்த வாரம் கொழுந்து கூடிவிட்டது. காரணம் லேசானது: பிள்ளைக்காம்பராவுக்குப் போய் வருகிற நடை மிச்சம். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, நிரந்தரமாக மூடலாம் என்று அறிக்கை எழுதச் சொன்னார். நானும் எழுதி அட்டையில் செருகிக்கொண்டேன்.

சனிக்கிழமை மழை வந்தது. அந்த மலையில் மழை யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை. பெண்கள் கூடையோடு தொட்டில்களை நோக்கி ஓடினார்கள், நானும் ஓடினேன். ஒரு குழந்தையின் முகத்துக்கு மேலே என் அட்டையைப் பிடித்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் போய் ஒதுங்கினோம். தகரக் கூரை போட்ட கொட்டகை அது; ஒரு நாளில் மூன்று தடவை நிறுவை நடக்கும், மற்ற நேரமெல்லாம் காலியாகவே கிடக்கும். எங்களுக்கு முன்னாலேயே செல்லம்மா தான் குடியிருக்கிற லயத்திலிருந்து ஓடி வந்து அங்கே சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பேர் விழவில்லை, அதாவது சம்பளம் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ராசாத்தி என்ற பெண் தன் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தைக்கு உடம்பு நடுங்கியது. அவள் கேட்டாள்: "மழைய எந்தக் கட்டத்துல எழுதுவீங்க ஐயா?"

மடுவம்

மழை விட்டதும் நிறுவை நடந்தது. கொழுந்தை நிறுத்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். ஒருவரும் எங்கும் நடக்கவில்லை. நான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். செல்லம்மா என்னைப் பார்த்தார். "நிறுக்க மூணு தடவ இங்கதானே வர்றாளுக. அப்பவே பால் குடுத்துட்டுப் போகட்டும். ஒரு பக்கம் தட்டி அடைச்சுக் குடுத்தா, புள்ளைகள நான் இங்கயே பாத்துக்கிறேன்."

நனைந்த அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: நடை மிச்சம், கொழுந்து குறையாது, ஆயா அவசியம். போன வாரம் சும்மா இருந்தவர் இந்த வாரம் எப்படி அவசியமானார் என்று துரை கேட்டார். நான் அளந்தது பிழை என்றேன். பஜாருக்குத் திரும்பிப் போக மனதளவில் மூட்டை கட்டிவிட்டேன். துரைக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் தட்டி கட்டி ஒரு மாதம் பார்த்தும் கொழுந்து குறையவில்லை, அந்தக் கணக்கோடு அவரால் சண்டை போட முடியவில்லை. செல்லம்மாவின் பெயர் மறுபடி சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏறியது.

என் வேலையும் நிரந்தரமானது. என்னுடைய அரிய யோசனையைப் பாராட்டி மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வந்தது. யோசனை யாருடையது என்று நான் எழுதியிருந்தேன். மேலே போகிற வழியில் அந்த வரி எங்கேயோ விழுந்துவிட்டது. கடிதத்தை மடுவத்துக்கு எடுத்துப் போய், கூச்சத்தோடு செல்லம்மாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரொம்பச் சந்தோசங்கய்யா. உங்க வேல நெலச்சிருச்சு. இனிமே எங்களத் திருத்த வர மாட்டீங்கள்ல?"

உற்பத்தித் திறன் என்று நாலு வருஷம் நான் விற்ற சரக்கெல்லாம், வேலை செய்கிறவர்களிடமே வாங்கி, என் கையெழுத்தைப் போட்டு அவர்களுக்கே திருப்பிக் கொடுத்ததுதான்.