என் மகள் டேப்லெட்டில் எழுதிய முதல் வாக்கியம்

என் மகளுக்கு ஆட்டிசம். பதிமூன்று வயதிலும் அவள் வாயிலிருந்து வந்தவை நாலைந்து சொற்கள்தான். எழுத்தாவது வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. சனிக்கிழமைகளில் சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி அவளைக் கள்ளக்குறிச்சிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். வழியெல்லாம் கடை போர்டுகளைக் காட்டிப் படித்துக்கொண்டே வருவேன். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வேறெங்கோ பார்ப்பாள்.

அங்கிருந்த சிறப்பாசிரியை டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். படத்தைத் தொட்டால் கீழே சொல் தெரியும். ஒரு குரல் அதைச் சொல்லும்.

"படத்தக் கொஞ்சம் கொஞ்சமா மறைச்சிக்கினே வாங்க. வெறும் எழுத்தப் பார்த்தே தொடுவா."

'வீடு' வந்தாலே மகள் டேப்லெட்டைத் தள்ளிவிடுவாள். என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். "நம்ம வூட்ல யாரு வீடுன்னு சொல்றாங்க?" என் குரலில் 'வூடு' என்று பதிவு செய்து போட்டேன். காதை ஒட்டி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தொட்டாள்.

அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொம்பு, சீப்பு, கொசுவலை, கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தேன். ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும் அடுத்து எந்தப் படத்தை மறைக்கலாம் என்றே மனசு ஓடும். சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். "இது இன்னா? அதத் தொடு. இல்ல, அது இல்ல."

"கொஞ்சம் வுடேன், புள்ள மூச்சு வுடட்டும்" என்பார் அவர். எங்கே கேட்டேன்?

படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கீபோர்டு வந்தது. ஒரு நாள் கரண்ட் இல்லை, புழுக்கம். நான் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் என் கையை ஒதுக்கிவிட்டு, தானே தேடித் தேடித் தட்டினாள். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். இயந்திரக் குரல் சொன்னது:

"அம்மா பேசாத."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆசிரியைக்கு உடனே போன் போட வேண்டும், மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும், எங்காவது ஓடிவிட வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். தெருவுக்குப் போய் நடந்தேன். வீட்டுக்குள் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளாகவே ஏதேதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேசாதேன்னு திருத்தட்டுங்களா?" என்று மறுவாரம் கேட்டேன்.

"அவளே யோசிச்சி எழுதினதுங்க. இப்பத்திக்கு அப்படியே வுடுங்க" என்றார் ஆசிரியை.

இப்போது அவள் எழுதும்போது நான் அடுத்த அறையில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றுதான் பேர். மடித்த துணியையே மறுபடி மடிப்பேன். குரல் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று வாசல்படி வரை போய்த் திரும்புவேன். போன வாரம் அவள் இருந்த அறையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "அப்பா எப்ப?"

அவள் கேட்ட முதல் கேள்வி. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காரக் கால் துடித்தது. நின்ற இடத்திலிருந்தே, "இருட்டறதுக்குள்ள வந்துடுவாரு" என்றேன்.