துணி வியாபாரி வீட்டின் அரையிருள்

மொன்றியலில் மாசி மாதத்து வெயில் என் மனைவிக்கு ஆகாமல் போயிருந்தது. வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் ஓரளவு சமாளிப்பாள். வெயில் எறித்துப் பனியில் பட்டுத் தெறித்தால், நகரை ஒட்டிய லவாலில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு கையால் கண்ணை மறைத்தபடி மறுகையால் என் ஜக்கெற்றைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அவள் ஒரு கார்தெறியில், பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்துவந்தாள். ஒரு பின்னேரம் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"வெளியாலை விளையாட விட்டால் பிள்ளையள் வெள்ளைக்குள்ளை கரைஞ்சு போகினம். ஆர் ஆரெண்டு தெரியேல்லை."

அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான், மேற்படிப்புக்காக யப்பானில் கியோட்டோவுக்குப் போயிருந்த மகள் எங்களை வரச்சொல்லிக் கேட்டாள். "இஞ்சை இளவேனில் தொடங்கீட்டுது. வந்து நில்லுங்கோ. அம்மாவுக்கும் ஒரு மாற்றமா இருக்கும்."

"குருடி அங்கை போய் என்னத்தைப் பாக்கிறது?" என்றாள் மனைவி. ஆனாலும் வந்தாள். மகளைக் கட்டிப்பிடிக்கக் கண் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

முதல் நாட்கள் அவள் சொன்னபடியேதான் போயின. கோயில் முற்றங்களில் வெள்ளைச் சரளைக்கல் பரப்பியிருந்தார்கள். அதில் வெயில் விழுந்ததும் அவளுக்கு எல்லாம் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். வாங்கில் இருந்துகொண்டு, "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்பாள். நானும் மகளும் பார்த்துவிட்டு வந்து சொல்வோம். அவள் தலையாட்டுவாள்.

அந்தப் பழைய வீட்டுக்குள் நாங்கள் போனதே நிழலுக்காகத்தான். ஒடுங்கிய தெரு. மதிய வெயில். மனைவிக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. மரச்சட்டம் அடித்த முகப்போடு ஒரு வீடு, வாசலில் நீலத் துணி தொங்கியது. மகள் அங்கிருந்த பலகையை வாசித்தாள். "பட்டுத்துணி வியாபாரம் செய்த குடும்பத்தின்ரை வீடாம். பழையபடியே வைச்சிருக்கினமாம். உள்ளை குளிர்மையா இருக்கும்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினோம். என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குனிந்து வரவேற்றாள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவளாம். இப்போது இருப்பது வேறிடத்தில், பகலில் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். உள்ளே ஒரு மின்விளக்கும் எரியவில்லை. தெருவெளிச்சம் என் கண்ணிலேயே நின்றதால் எனக்கு முன்னால் கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. பழக்கத்தில் மனைவியின் முழங்கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ," என்றாள். "எனக்குத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"அங்கை ஒரு மறைப்புத் தட்டி. அதிலை கீறின ஒரு கொக்கு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்குது. நீங்கள் காலைப் பாத்து வையுங்கோ, முன்னாலை படி."

படி இருந்தது. பிறகு, கண் பழகியதும், கொக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள்தான் முன்னால் நடந்தாள். பாய் விரித்த ஒரு அறை, காகிதக் கதவைத் தள்ளினால் இன்னொரு அறை, அதற்கப்பால் இன்னொன்று. வெளிச்சம் காகிதத்தில் வடிந்து, தேநீர் நிறத்தில் பாயில் கிடந்தது. காலடிச் சத்தமே இல்லை. பழைய மரமும் ஈரப்பாசியும் கலந்த ஒரு மணம். குளத்துக்குள் மெல்ல இறங்கி நடப்பது போலவும், அவள் எனக்கு வழிகாட்டியாக நீந்திப் போவது போலவும் இருந்தது.

முன்பு கடையாக இருந்த அறையில் அந்தப் பெண் ஒரு துணிச்சுருளை விரித்தாள். எனக்கு அது கறுப்பு.

"கறுப்பில்லை," என்றாள் மனைவி. "கத்தரிக்காய் நிறம். உள்ளுக்கை ஒரு பச்சை ஓடுது."

மகள் அதை யப்பான் மொழியில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு இன்னொரு சுருளை எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோகாமல், இன்னும் உள்ளே தள்ளி வைத்து விரித்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரிக் குனிந்திருந்தார்கள். ஒருத்தி தமிழில் ஏதோ சொன்னாள், மற்றவள் தன் மொழியில் பதில் சொன்னாள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

பிறகு வீட்டின் நடுவில் இருந்த ஒரு சின்னத் தோட்டத்தின் ஓரத்தில் போய் இருந்தோம். பாசி படர்ந்த கல், ஒற்றை மரம், மேலே ஒரு துண்டு வானம். மனைவி மகளின் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"பிள்ளை, நீ நல்லா மெலிஞ்சிட்டாய். கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய்க் கிடக்கு. நித்திரை கொள்ளுறேல்லையோ?"

"சும்மா படிப்பு அம்மா…"

"படிப்பில்லை. எனக்குச் சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு தாயின் மடியில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். மாரிக்குளிர் முழுக்கத் தனியே இருந்திருக்கிறாள். கதைக்க ஒரு சிநேகிதி இல்லை. வீடியோவில் வருமுன் முகம் கழுவி, சிரித்துப் பழகிவிட்டு வருவாளாம். அம்மாவுக்குக் கண் தெரியாதுதானே, அப்பா கவனிக்கமாட்டார்தானே என்று. நாங்கள் வந்த பிறகும் அப்படியே நடந்துகொண்டிருக்கிறாள். நான் கவனிக்கத்தான் இல்லை.

"வீட்டை வாறியோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை. முடிச்சிட்டு வாறன். ஆனா நீங்கள் ஒவ்வொரு நாளும் என்னோடை கதையுங்கோ."

"ஓம். கதைப்பம்."

அந்தப் பெண் சத்தமில்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேறு சில பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்களை மற்றப் பக்கத்தால் அழைத்துப் போனாள். நாங்கள் வெளியே வந்தபோது தெருவில் வெயில் தணிந்திருந்தது.

மொன்றியலுக்குத் திரும்பியதும் கண் டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சில பேருக்குப் படலம் நடுவில்தான் இருக்குமாம். பிரகாசத்தில் கண்மணி சுருங்கிவிடுவதால் படலத்துக்குள்ளாலேயே பார்க்கவேண்டி வரும். அரையிருளில் அது விரிந்து, ஓரத்தால் வழி விடுமாம். எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்த வீடுதான் அவளுக்குக் கண் கொடுத்தது என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

மகள் சொன்னபடியே படிப்பை முடித்தாள். அதுவரை தாயும் அவளும் நாள் தவறாமல் கதைத்தார்கள். பகிடியும் சண்டையும் கறிக் கதையுமாக. அதற்கிடையில், அந்தக் கோடையிலேயே ஒப்பரேஷன் நடந்தது. கட்டை அவிழ்த்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவருக்கும், ஏனென்று தெரியாமலே சிரிப்பு வந்தது. பஸ் வந்தது. அவள் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் இருந்தாள்.