உப்புக்கு விட்ட இடம்

"…அங்க ரெண்டு பட்டறையில காட்டிப்போட்டன், அண்ணை. ரெண்டு பேருக்கும் ஒரே கதைதான். இதைக் குப்பையில போடு, புதுசு வாங்கு எண்டு. நீங்களும் அதைத்தான் சொல்லப்போறியளெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் தேத்தண்ணி குடிக்காமலே போறன்."

நான், அவர் மேசையில் வைத்த சாமானைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கைக்குள் அடங்கும் அலுமினியக் கட்டி. நாவல் நிறப் பூச்சு மூலைகளில் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. நீளவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துளைகள். விசையும் இல்லை, குழலும் இல்லை. வெறும் உடம்பு மட்டும்.

கொண்டுவந்தவர் எங்கள் ஊர்காவற்றுறையில் பிறந்து ரொறன்ரோவில் குடியிருப்பவர். கோயில் திருநாளுக்கு வந்திருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அணி ஒன்றில் ‘பெயிண்ட்-போல்’ என்றொரு ஆட்டம் ஆடுகிறாராம். காற்றின் வலுவில் சாயக்குண்டு அடித்து, பட்டவர் வெளியே போகிற விளையாட்டு. குண்டு அடிக்கிற கருவியை மார்க்கர் என்பார்களாம்; அதன் உடம்புதான் என் கையில் இருந்தது.

என் பட்டறை இறங்குதுறைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. ஒரு லேத், ஒரு மில்லிங் மெசின். எனக்கு இந்த வேலையை யாரும் படிப்பிக்கவில்லை. உடைத்து உடைத்துப் பழகினேன். பிறகு போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். வருவதெல்லாம் வள்ளத்துச் சாமான்: எஞ்சின் சாப்ட், தண்ணிப் பம்பு, அப்படி. சாமானோடு ஆட்களின் கதையும் வரும். அதைக் கேட்கத்தான் நான் பட்டறை நடத்துகிறேன் என்று மனைவி சொல்வாள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

அன்று சாப்ட் ஒன்றுக்காகக் காத்திருந்தவர், வள்ளங்கள் வைத்திருக்கும் எழுவைதீவுச் சம்மாட்டி. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது?"

"சாயக்குண்டு அடிக்கிற துவக்கின்ர உடம்பு, ஐயா."

சம்மாட்டி கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப நான் வெளியில நிக்கிறன், தம்பி." வாய் சிரித்தது, கால் சிரிக்கவில்லை. போர் பார்த்த எங்கள் பக்கத்தில் துவக்கு லேசான சொல் இல்லை. வாசல்வரைக்கும் போய்விட்டார்.

மார்க்கர் கொண்டுவந்தவரும் பின்னாலேயே போனார். "ஐயா, இந்தக் குண்டு பட்டா ஆள் சாகாது. சட்டை தோய்க்கிற ஆள்தான் சாகும்."

"ஆர் தோய்க்கிறது?"

"என்ர மனுசன்தான்."

சம்மாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார். அந்தப் பேச்சை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது.

பிழை எங்கே என்று பார்த்தேன். அவர் கைப்பைக்குள்ளிருந்து எடுத்துத் தந்த ஓர் உருளை, கீழ்த்துளைக்குள் முன்னும் பின்னும் ஓடவேண்டும். சுவரில் ஆழமான கீறல் விழுந்திருந்தது. அதன் வழியே காற்றுப் போகிறது. இந்த வகையை இப்போது யாரும் செய்வதும் இல்லையாம்.

"புதுசு வாங்க ஏலாதோ, தங்கச்சி?"

"ஏலும், அண்ணை. வாங்கி அடிச்சும் பாத்தனான். மரத்துக்குத்தான் பட்டுது. என்ர விரல் இதிலதான் பழகிப்போச்சு. இப்ப எங்கட அணிக்குச் சின்னப் பெட்டையள் வந்திட்டினம், கடுகு மாதிரி ஓடுவினம். அடுத்த போட்டிக்கு இது சரிவராட்டில் நான் வெளியில வாங்கில குந்தியிருந்து அவையின்ர பையைக் காக்கிற ஆள்தான்."

எனக்கு அது போதும். "செய்து பாப்பம்" என்றேன்.

துளையை அகட்டி, உள்ளே அலுமினியத்தில் மெல்லிய குழாயொன்று இறுக்கி, அந்தக் குழாயை உருளைக்கு அளவாகக் கடைந்தெடுப்பது. யோசனை இவ்வளவுதான். ஆனால் உடம்பின் பக்கங்கள் வளைவு. மெசின் பிடியில் நேரே பிடித்தால் நசுங்கும். பூவரசங்கட்டை இரண்டை அந்த வளைவுக்கே குடைந்து, நடுவில் வைத்துப் பிடித்தேன். அலுமினியம் வெட்டுவது இரும்பு வெட்டுவதுபோல இல்லை. அவசரப்பட்டால் கத்தியில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, சீவல் சுருள் சுருளாக விழ, பதமாகப் போனேன்.

முடித்து, உருளையைப் போட்டு, பட்டறைக் கொம்பிரசரின் காற்றுக் குழாயை மாட்டி, காற்றுக் கசிகிறதா என்று பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமிழ்த்தினேன்.

குமிழி என்றால் குமிழி.

"சோறு கொதிக்குது, அண்ணை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

அளந்தேன். நான் வெட்ட நினைத்த அளவுக்கே வெட்டியிருந்தேன். அப்படியானால் எங்கே பிழை? சம்மாட்டி உருளையை வாங்கித் துளைக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீர் இவவுக்கும் வள்ளத்துச் சாமான் எல்லோ செய்து குடுத்திருக்கிறீர்! உப்புக்கு இடம் விட்டிருக்கு."

உண்மை. தீவுப்பகுதியில் நாங்கள் எதைச் செய்தாலும் ஒரு மயிரிழை கூடுதலாக இடைவெளி விடுவோம். இறுக்கமாகச் செய்தால் உப்புப் பூத்து, அடுத்த கிழமை சுத்தியலால் அடித்தாலும் அசையாது. அளவு குறிக்கும்போதே என் கை அதைக் கேட்காமல் விட்டுவிட்டது.

"நாங்கள் காட்டுக்குள்ளதான் ஓடுறனாங்கள், அண்ணை. கடலுக்குள்ள இல்லை" என்றார் அவர்.

சிரித்தோம். சிரித்து முடிய மார்க்கர் உடம்பை மறுபடி கையில் எடுத்தேன். அந்தக் குழாயைக் கடைந்து எடுத்துவிட்டு வேறொன்று போடவேண்டும். வெளிச்சுவரில் இனி எடுக்க இடமில்லை. கத்தி கொஞ்சம் விலகினாலும் துளை வெளியே வந்துவிடும். அதை அவரிடம் மறைக்கவில்லை.

"இந்த முறை பிழைச்சால் குப்பைதான், தங்கச்சி. சொல்லும், விடுவமோ, வெட்டுவமோ?"

"வெட்டுங்கோ" என்றார். யோசிக்கவேயில்லை.

பழைய குழாய் வெங்காயத்தோல்போல உரிந்து வந்தது. வெளிச்சுவர் தப்பியது. புதுக் குழாயை அடித்து இறுக்கப் பயம். ஆகவே குழாயைக் குளிர வைத்துச் சுருக்கி, உடம்பைச் சூடாக்கி விரித்துப் போட நினைத்தேன். குளிருக்குச் சம்மாட்டியின் மீன்பெட்டி ஐஸ். சூட்டுக்கு எங்கள் குசினி.

"இஞ்சாருங்கோ, என்ன அது பானைக்குள்ள?" மனைவியின் குரல்.

"மார்க்கர் அவியுது, அக்கா" என்று அவரே பதில் சொன்னார்.

"அப்ப மத்தியானம் அதையே எல்லாரும் சாப்பிடுங்கோ."

துணியால் பிடித்து உடம்பை எடுத்தேன். சம்மாட்டி ஐஸுக்குள்ளிருந்து குழாயை நீட்டினார். விட்டேன். வழுக்கிக்கொண்டு அடிவரைக்கும் போய், ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. நன்றாக ஆறவிட்டு மறுபடி கடைந்தேன். இந்த முறை கைக்குச் சொல்லிச் சொல்லி வெட்டினேன்: உப்பு இல்லை, உப்பு இல்லை.

பேசினுக்குள் அமிழ்த்தினேன். சம்மாட்டி மூக்கு நனையும் அளவுக்குக் குனிந்தார்.

"குளம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

ஒரு குமிழிகூட இல்லை. நான் அடக்கமாக எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. கடல் தாண்டி இரண்டு பட்டறை குப்பை என்று சொன்னதை, மீன் ஐஸும் சோற்றுப் பானையும் வைத்து நான் நிமிர்த்தினேன். இன்றைக்கும் நினைக்க நெஞ்சு கொஞ்சம் அகலும்.

அந்தச் சந்தோசத்தில் தேய்ந்த பக்கங்களிலும் கை வைத்தேன். சுவர் தடித்த இடமாகப் பார்த்து, குறுக்கும் நெடுக்கும் சரிவாக மெல்லிய கீறுகள் வெட்ட, வலைக்கண் போல விழுந்தது. வியர்த்த கையிலும் வழுக்காது.

கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அவர் உருளையை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். வலைக்கண்ணின்மேல் விரலை ஓட்டினார்.

"அண்ணை, உங்கட பின்வளவு றோட்டுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஏன்?"

திருநாளுக்கு உடுத்த பாவாடையை ஒரு கையால் முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்தார். செருப்பைக் கழற்றி எறிந்தார். மற்றக் கையில் அந்த அலுமினியக் கட்டியோடு, போட்டியில் ஓடுவதுபோலக் குனிந்து, பின்வளவில் நின்ற எண்ணெய்ப் பீப்பா ஒன்றின் பின்னாலிருந்து அடுத்த பீப்பாவுக்கு ஓடினார். அங்கே பதுங்கி, மூச்சு வாங்கி, இல்லாத விசையில் விரலை வைத்துக்கொண்டு, இடப்பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு, கடைசிப் பீப்பாவை நோக்கி மறுபடி ஓடத் தொடங்கினார்.