மாதா காவல் காத்த ரப்பர் கூப்பன்

என் வீட்டுக்காரருக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். கணக்கு நன்றாகவே வந்தது, புத்திதான் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ரப்பர் கூப்பன் பைத்தியம் கண்டியைப் பிடித்து ஆட்டியது. இவ்வளவு ரப்பர்தான் விற்கலாம் என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டு, மரம் வைத்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கூப்பன் கொடுத்தது. கலகெதரப் பக்கம் நாலு மரம் வைத்திருந்தவர்கள் பால் வெட்டுகிற பாட்டை விட்டு, கூடுதலாக விற்க ஆசைப்பட்ட பெரிய தோட்டங்களுக்குக் கூப்பனையே விற்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அந்தத் தாளுக்குக் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. மார்க்கெட்டுக்குப் பின்னால் தரகர் கடை வாசலில் கோட்டுப் போட்ட கூட்டம் நிற்கும். ரப்பர் மரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். என்னவர் அதில் முதல் வரிசை.

எங்களிடம் இருந்தது வீடு வாங்கச் சேர்த்த காசு. வாடகைக்கு இருந்த வீட்டையே, டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்குள் காசு கொடுத்தால் எங்களுக்கு எழுதித் தருவதாக அதன் சொந்தக்காரர், ஒரு சோனக முதலாளி, வாக்குக் கொடுத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்கிற மாதிரி நாங்களும் அவரை நானா என்போம்.

"கொஞ்சந்தான் குறையுது. கூப்பன்ல போட்டா நெரப்பிடலாம்" என்றார் இவர்.

"போயிட்டா?"

"அதுக்குத்தான் சட்டம் வச்சிருக்கேன். ரெண்டு சதம் ஏறினா வித்துடுவேன், பேராசைப்பட மாட்டேன். ரெண்டு சதம் எறங்கினாலும் வித்துடுவேன், அழ மாட்டேன். பத்துக்கு எட்டுத் தடவ ஏறத்தான் செய்யும்."

பொய் சொல்லக்கூடாது, ஏறியபோதெல்லாம் சட்டத்தை அப்படியே காப்பாற்றினார். விற்ற அன்றைக்கு மஸ்கத் இனிப்புப் பொட்டலத்தோடு மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குவார். தெருவே பார்க்க வேண்டும் அவருக்கு.

பிறகு ஒருநாள் விலை இரண்டு சதம் இறங்கியது.

"வித்துட்டீங்கதானே?"

"வித்திருப்பேன். ஆனா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துட்டேன்."

நேர்ந்த பிறகு விற்றால் மாதாமேல் நம்பிக்கை இல்லையென்று ஆகிவிடுமாம்! எப்படி இருக்கிறது கதை? மறுபடி இறங்கியது, ஆளுயர மெழுகுதிரி நேர்ந்தார். இன்னும் இறங்கியது, மடு மாதா கோயிலுக்குப் பயணம். அதற்கும் கீழே போனதும், நூறு மைலுக்கு மேலிருக்கும் மடுவுக்கு நடந்தே போவதாக நேர்ந்தார். விலை கீழே போகப் போக இவர் பக்தி மேலே போனது. கல்யாணம் ஆகியிருக்காவிட்டால் அந்த மாதத்திலேயே சாமியாராகியிருப்பார்.

"மாதாவுக்கு இதுதான் வேலையாங்க? இப்ப வித்தாலும் பாதி மிஞ்சும். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், வித்துடுங்க."

"விசுவாசமில்லாத பொம்பள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூப்பனுக்குத் தவணை உண்டு. அந்த நாளுக்குள் விற்காவிட்டால் அது வெறும் தாள். தவணையும் முடிந்தது. அன்று வந்து கதிரையில் சாய்ந்தவர், "என்ன இருந்தாலும் பத்துக்கு எட்டுத் தடவ நான் செயிச்சிருக்கேன், அத யாரும் மறுக்க முடியாது" என்றார். யார் மறுத்தது? எட்டுத் தடவை வந்தது மஸ்கத்துக்குச் சரியாகப் போயிற்று. கடைசி ஒரு தடவை போனதில் எல்லாம் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கக்கூட மனம் வரவில்லை.

நத்தாருக்கு முன்னே நானா வந்தார். அவர் குடையை வாசலில் கண்டதும் இவர் அறைக்குள் புகுந்து முழங்காலில் நின்று செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார், அதுவும் சத்தமாக.

"என்ன தங்கச்சி, சல்லி தயாரா? கம்பளை ஆளொருத்தர் கேட்டுக்கிட்டே நிக்கிறார். ஒங்களுக்கு வாக்குக் குடுத்திட்டேன், கேக்காம விக்க மாட்டேன்."

உள்ளே அருள்நிறை மந்திரம் இன்னும் உரத்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவருக்கே குடுத்துடுங்க நானா."

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். செபம் நின்றது. இவர் மெல்லத் தலையை நீட்டி, "போயிட்டாரா?" என்றார்.

"போயிட்டாரு. வீடும் போயிருச்சு" என்றேன்.