மச்சாள் கொண்டுவந்த குளிசை

ஜெனிற்றா இறைச்சி வைத்துப் பற்றிஸ் சுட்டால் கோப்பாயில் எந்தச் சபைக் கூட்டத்திலும் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. மாவை வட்டமாக வெட்டி, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தும்போது மனதுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். கலியாணம் கட்டிய நாள் முதல் அந்த யாராவது பெரும்பாலும் அவளுடைய மச்சாள் மிரியம்தான்.

மிரியம், கணவன் எட்வேர்டின் மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள், கனடாவுக்குப் போன பிறகும் தொலைபேசியில் வளர்த்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது, ஜெனிற்றா என்ன சேலை கட்டுவது, எல்லாம் அங்கிருந்துதான் தீர்மானமாகும். எட்வேர்ட் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். அங்கே எல்லோரையும் அதட்டுவார். அக்காவின் அழைப்பு வந்தால் எழுந்து நின்று கதைப்பார். அந்த எழும்பலைக் காணும்போதெல்லாம் ஜெனிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் எட்வேர்டின் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஜெனிற்றாவைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் வந்தால் நீங்களா ஒரு குளிசையும் குடுக்கக்கூடாது அம்மா. நேரை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. புது வால்விலை கிருமி பிடிக்கும். இரத்தத்தைச் சோதிச்சுத்தான் எந்தக் கிருமி எண்டு கண்டுபிடிக்கவேணும், குளிசை போட்டால் அது சோதனையிலை அம்பிடாது."

ஜெனிற்றா அதை வேத வசனம்போல மனப்பாடம் செய்துகொண்டாள்.

பிறகு தம்பியைப் பார்க்க மிரியம் வந்திறங்கினாள். சூட்கேசில் சொக்கிளேற், சவர்க்காரம், உடுப்பு, அடியில் ஒரு பை நிறைய மருந்து. தனக்கும் புருஷனுக்கும் எப்போதோ எழுதிக்கொடுத்து, விழுங்கி முடிக்காமல் விட்ட மிச்சங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்படிக் கொண்டுவருவதும், இங்கேயுள்ளவர்கள் அதைப் பெரிய சீதனம்போல வாங்கி அலுமாரியில் வைப்பதும் புதிதல்ல. மிரியம் அங்கே முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தவள். கோப்பாய்க்கு வந்து சேர்வதற்குள் அது எப்படியோ ஆஸ்பத்திரி வேலையாகிவிட்டிருந்தது.

அவள் வந்து கொஞ்ச நாளில் எட்வேர்டுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. ஓட்டோவுக்குச் சொல்லப் போன ஜெனிற்றாவை மிரியம் மறித்தாள்.

"உந்தக் காய்ச்சலுக்கு ஏன் ஆஸ்பத்திரி? என்னட்டை அங்கத்தை அன்ரிபயோற்றிக் இருக்கு."

"டொக்டர் ஒண்டும் போடக்கூடாது எண்டவர் மச்சாள்."

"இஞ்சத்தை டொக்டர்மார் உப்பிடித்தான் வெருட்டுவினம்."

எட்வேர்ட் படுத்தபடியே கையை நீட்டினார். "அக்காவுக்குத் தெரியாததே? தண்ணியைக் கொண்டுவாரும்."

ஜெனிற்றா தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது. காய்ச்சல் விட்டது. மிரியம் அதைச் சபை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். குளிசையை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பி வந்தது. பையிலிருந்து வேறு நிறத்தில் வேறு குளிசை வந்தது. அடுத்த முறை காய்ச்சலோடு எட்வேர்டுக்கு மூச்சு வாங்கியது, கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. ஜெனிற்றா ஒருவரையும் கேட்காமல் ஓட்டோவைப் பிடித்தாள். மிச்சக் குளிசைகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மிரியமும் ஏறினாள்.

ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, வால்வில் கிருமி படிந்திருக்கிறது என்றார்கள். ஆனால் சோதனைக்கு எடுத்த இரத்தத்தில் கிருமி ஒன்றுமே வளரவில்லை. டொக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"என்ன கிருமி எண்டு தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து ஏத்தேலாது. மருந்து சரிவராட்டில் திரும்ப நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். உங்கடை உடம்பு அதைத் தாங்குமோ தெரியாது. வர முன்னம் ஏதும் அன்ரிபயோற்றிக் எடுத்தனீங்களோ?"

மிரியம் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "இல்லை டொக்டர்" என்றார் எட்வேர்ட். சொல்லிவிட்டு, வாயைத் திறக்காதே என்று மனைவியைப் பார்த்தார்.

சாகக் கிடந்தும் அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிற மனிதன். ஜெனிற்றாவுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வெறுப்புத்தான் வந்தது. மச்சாளின் கைப்பையைப் பறித்துக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். பாஸ்போர்ட், சீப்பு, பாதி வெறுமையான குளிசை மட்டைகள்.

"இதை மச்சாள் முதல் குடுத்தவ. இதைப் பிறகு. இவர் ரெண்டையும் விழுங்கினவர்."

டொக்டர் மட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் மிரியத்துக்குக் கொடுத்த பேச்சு வார்ட் முழுக்கக் கேட்டது. "அன்பிலை செய்ததுக்கு இதோ மரியாதை?" என்று மிரியம் அழுதாள். ஒருவரும் தேற்றவில்லை.

அந்தக் குளிசைகளின் வேகம் இறங்கவிட்டு, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்ததில் கிருமி பிடிபட்டது. அதற்கேற்ற மருந்து கிழமைக்கணக்காக ஊசியில் ஏறியது. மிரியம் அதற்கிடையில் விமானமேறிப் போய்விட்டாள். எட்வேர்ட் நெஞ்சைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தார்.

சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள். எட்வேர்ட் எழுந்து ஆண்டவருக்கும், டொக்டர்மாருக்கும், கடல் கடந்து வந்து தன்னைப் பார்த்த அக்காவுக்கும் நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார். அன்றைய தேநீருக்குப் பற்றிஸ் சுட்டவள் கடைசி வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்ததும் அவர் சொன்னார்: "எல்லாருக்கும் முன்னாலை அக்காவின்ரை பையைக் கொட்டினீர். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

ஜெனிற்றா, வால்வுக்காக அவர் தினமும் போடவேண்டிய குளிசையை எடுத்துத் தண்ணீரோடு முன்னால் வைத்தாள்.

"சாகிறதுக்கு இப்ப கனகாலம் கிடக்கு. அவ்வளவு காலமும் இருந்து ஆறுதலா நினைச்சுக்கொண்டிருங்கோ. இதை விழுங்குங்கோ."