என் படத்தின் கீழே ஒட்டிய கொடி

ஒரு பெண்ணின் வேலையை நான் பறித்தேன். பொய் சொல்லிப் பறித்தேன். அவளுக்கு இன்றுவரை அது தெரியாது!

உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்னை அறியாதவர். அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிக்கவேண்டாம்.

என் பெயர் ஸ்டெல்லா. திருவெறும்பூர்க்காரி. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். கான்வென்ட்டில் படித்த ஆங்கிலத்தை நம்பி வியட்நாமுக்குப் போனேன். அங்கே ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் ஆறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன்.

அந்த மையத்தில் ஒரு வழக்கம். வாசல் சுவரில் ஆசிரியர்களின் புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் நாட்டுக் கொடி. பெற்றோர் பெயரைப் பார்க்கமாட்டார்கள், கொடியைத்தான் பார்ப்பார்கள். நான் சேர்ந்த அன்று மேலாளர் லான் என் படத்தின் கீழே பிரிட்டன் கொடியை ஒட்டினாள். "அங்கே பிறந்து வளர்ந்தவள் என்று சொல்லிவிடு, அதுதான் பெற்றோருக்குப் பிடிக்கும்" என்றாள்.

நான் மறுத்தேனா? ஒரு நிமிடம்கூட இல்லை! ஸ்டெல்லா என்ற பெயர் வேறு தோதாக அமைந்துவிட்டது. லண்டனில் பனி எப்படிப் பெய்யும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். திருவெறும்பூர் வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத நான், வாய் கூசாமல் பனிக்கதை அளப்பேன்.

ஐந்தாவது ஆண்டு வாசுகி வந்து சேர்ந்தாள். துறையூரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் படத்துக்கும் வேறொரு கொடியை லான் எடுத்து வந்தாள். வாசுகி சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டாள். என் படத்துக்குப் பக்கத்திலேயே மூவர்ணக் கொடியோடு அவள் படம் ஏறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது.

அவளிடமும் ஆங்கிலத்தில்தான் பேசினேன். மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் வெந்நீர் என் கையில் கொட்டிவிட்டது. "ஐயையோ, கை வெந்துபோச்சே!" என்று கத்திவிட்டேன்.

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா! நீங்க தமிழா? எந்த ஊருக்கா?"

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லிடாத வாசுகி..." என்று கெஞ்சினேன்.

"நான் ஏங்க்கா சொல்லப்போறேன்? கையை முதல்ல பச்சத்தண்ணில காட்டுங்க."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். எல்லோர் முன்னாலும் நான் அவளுக்கு மிஸ் ஸ்டெல்லா. தனியே இருந்தால் அக்கா. மூன்று வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "மூணு மாசம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன்னு வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாருக்கா. ரெண்டு வருஷம் இருந்து காட்டிட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்பாள்.

அவள் என்னைவிட நல்ல ஆசிரியை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்! என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, அவள் வகுப்பில் ஒரே மாதத்தில் சளசளவென்று பேசத் தொடங்கினாள்.

அந்தச் சிறுமியின் தாய்தான் ஒருநாள் என்னிடம் வந்து அதைச் சொன்னாள். "நீங்களும் புது ஆசிரியையும் ஒரே மாதிரி பேசுகிறீர்களாமே? என் மகள் சொல்கிறாள்."

பிள்ளையின் காது கண்டுபிடித்துவிட்டது!

இதற்கிடையில் இந்தியக் கொடியைப் பார்த்த வேறு சில பெற்றோர் புகார் செய்தார்கள். லான் ஒரு வழி சொன்னாள். எங்கள் பிரிட்டன் ஆசிரியை வாசுகியின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்... நான்! நான் தீர்ப்புச் சொல்லவேண்டும்!

கடைசி வரிசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வாசுகி நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு வகுப்பறையைப் பஸ்ஸாக்கினாள். தானே கண்டக்டராக நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஊர் பெயர் சொல்லி டிக்கெட் கேட்டார்கள், சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். எங்கள் ஊர்ச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இருவருமே ஏறி இறங்கிய டவுன் பஸ் அது. அவள் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் அவளை வெளியே நிறுத்திவிட்டுப் பெற்றோர் என்னிடம் கேட்டார்கள், இவள் உச்சரிப்பு சரிதானா என்று. லான் என்னையே பார்த்தாள். அந்த அறையில் என் பொய்யை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் சொன்னேன்: "இது இந்திய உச்சரிப்பு. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது."

என் வாயிலிருந்தா இது வந்தது? ஆம். தடுமாறாமல் வந்தது! அவள் அந்தக் கட்டடத்தில் இருந்தால் என்றாவது என் சாயம் வெளுத்துவிடும் என்ற பயம். அவ்வளவுதான். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

அவள் நடைவழியில் காத்திருந்தாள். அவளிடம் அடுத்த பொய்யைச் சொன்னேன். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் வாசுகி... கேக்கமாட்டேங்கறாங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெந்நீர் பட்ட அதே கை. மூன்று மாதம் முடியுமுன்பே அவள் ஊர் திரும்பிவிட்டாள்.

அடுத்த ஆண்டு நானும் வந்துவிட்டேன். உறையூரில் பேச்சு ஆங்கில வகுப்பு தொடங்கினேன். இந்த ஆண்டுதான் அதை ஸ்ரீரங்கத்துக்கு மாற்றினேன், உத்திர வீதியில் ஒரு வீட்டு மாடிக்கு. வாசலில் 'வெளிநாட்டில் பயிற்றுவித்த ஆசிரியை' என்று போர்டு. வாசுகி இருக்கும் ஊர் இது என்பது என் நினைவிலேயே இல்லை. எப்படி மறந்தேன்? நினைக்க நினைக்க எனக்கே திகைப்பாக இருக்கிறது!

சேர்க்கை நாளன்று அவள் படியேறி வந்தாள், எட்டு வயது மகளின் கையைப் பிடித்தபடி.

"ஸ்டெல்லாக்கா! நீங்களா? போர்டைப் பாத்துட்டு வந்தேன், உள்ள பாத்தா நீங்க!"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எந்தப் பள்ளியில் பாடம் எடுக்கிறாய் என்று ஏதோ கேட்டுவைத்தேன்.

"அதெல்லாம் விட்டாச்சுக்கா. துணிக்கடையில பில் போடறேன். என் இங்கிலீஷ்தான் சரியில்லன்னு அங்கேயே சொல்லிட்டாங்களே." மகளை என் முன்னால் தள்ளினாள். "ஆதிரா, இவங்கதான் நான் சொன்ன அக்கா. எனக்காகப் பேசினவங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல இவகிட்ட ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ்ல பேசறதில்லக்கா. என் உச்சரிப்பு ஒட்டிக்கிட்டா அப்புறம் போகாதுல்ல?"

என் வாக்கியம்! யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போய், ஐந்து ஆண்டுகளாக அவள் வீட்டில் வாழ்ந்திருக்கிறது. யார் சொன்னது என்பது மட்டும் போய்ச் சேரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

ஆதிரா செவ்வாயும் வியாழனும் வருகிறாள். முதல் நாள், வீட்டில் யாருக்கெல்லாம் ஆங்கிலம் தெரியும் என்று வகுப்பில் கேட்டேன். கைகள் உயர்ந்தன. அவள் கை உயரவில்லை.

"உங்கம்மா பேசுவாங்களேம்மா?" என்றேன்.

"இல்ல மிஸ். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது."

ஜன்னலுக்குக் கீழே, தெருவில், மகளின் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசுகி உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன்...

"சரி, நோட்டை எடு" என்றேன்.